அறிமுக விழாவில் நேரடி இசை: கேளுங்கள், சொல்கிறேன்

நிறுவன விழாக்களுக்கு இசை ஏற்பாடு செய்வதும், விழா அன்று ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவிக்குப் பின்னால் உட்காருவதும்தான் என் பிழைப்பு. புதுப் பொருள் அறிமுக விழாவில் நேரடி இசை வைப்பது பற்றி இன்று மாலை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த மைக் வாங்கலாம் என்ற கேள்வியை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

முதன்முறை விழாப் பொறுப்பு ஏற்றிருப்பவர்: புதிய சாதனம் ஒன்றை வெளியிடுகிறோம். 150 பேர் வருவார்கள். எத்தனை பேர் கொண்ட பேண்ட் சரியாக இருக்கும்?

ஆள் எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். முதலில் ரன் ஷீட் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், யார் எப்போது பேசுவார், திரை எப்போது விலகும், அப்புறம் மக்கள் எங்கே போவார்கள், எல்லாம் நிமிடக் கணக்கில் வேண்டும். அதைப் பார்த்தால்தான் இசைக்கு அந்த மாலையில் மூன்று வெவ்வேறு வேலைகள் இருப்பது தெரியும்.

முதல் வேலை வரவேற்பு. வருகிறவர்கள் கைகுலுக்கி, பெயர் சொல்லி, பேச ஆரம்பிக்கும் நேரம். கிதாரும் கீபோர்டும் போதும், பாடகர்கூட வேண்டாம். பாட்டில் வரிகள் இருந்தால் காது அங்கே ஓடும், பேச்சு அறுபடும்.

இரண்டாவது மேடை நேரம். பேச்சாளர் ஏறும்போதும் இறங்கும்போதும் எட்டுப் பத்து விநாடித் துணுக்குகள். இதற்குக் குழு பெரிதாக இருப்பதைவிடக் கண்ஜாடை புரிந்தவர்களாக இருப்பது முக்கியம்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பேச்சு முடிந்ததும் மக்கள் சாதனத்தைத் தொட்டுப் பார்க்க மேசைகளுக்கு வருவார்கள். ‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்று உங்கள் ஆட்களிடம் கேட்பார்கள். விழாவே இந்த இருபது முப்பது நிமிடத்துக்காகத்தான். சரியாக அப்போது முழு பேண்டும் வெளுத்துக் கட்டினால், பதில் சொல்பவர் காதோடு காதாகக் கத்த வேண்டியதுதான். பெரிய வாசிப்பை அந்தக் கூட்டம் கலைந்த பிறகு வையுங்கள்.

இதெல்லாம் எழுதியபின் எண்ணிக்கை தானே வந்துவிடும். உங்கள் விழாவுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

உணவு ஏற்பாட்டுக்காரர்: சத்தம் எவ்வளவு இருக்கலாம்? ஒவ்வொரு விழாவிலும் இதே சண்டைதான்.

எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல். இசை அதை எட்டும்வரை பிரச்சினை இல்லை. தாண்டியதும் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911-இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறோம். ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவரும் உயர்த்துவார். அரங்கமே இரைச்சலாகிவிடும். ‘எங்களுக்கே நாங்கள் வாசிப்பது கேட்கவில்லை’ என்று பேண்ட் இன்னும் ஏற்றும். அப்புறம் இறக்க முடியாது.

ஆகவே தொடக்கத்திலேயே குறைவாக வையுங்கள். அளக்கும்போது மிக்ஸர் பக்கத்தில் அளக்காதீர்கள், விருந்தினர் நிற்கும் இடத்தில் அளங்கள். திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். உள்ளரங்கில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. கடைசி வரிசைக்கு எட்டட்டும் என்று முன்னால் உள்ள இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை முடுக்கினால் முதல் வரிசையின் காது கிழியும். சிறிய ஸ்பீக்கர்கள் ஆறேழு எடுத்து அரங்கைச் சுற்றிப் பரப்பி, எல்லாவற்றையும் தணிவாக வைப்பதே சரி.

டிரம்ஸ் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குச்சியால் அடிக்கும் முழு டிரம்ஸ் செட் மைக்கே இல்லாமல் பக்கத்தில் 100 டெசிபலைச் சர்வ சாதாரணமாகத் தொடும். அதை மிக்ஸரில் குறைக்க முடியாது, ஏனென்றால் அது மிக்ஸருக்குள் வரவே இல்லை. சின்ன அரங்கு என்றால் குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பிகளாலான பிரஷ் கேளுங்கள், இல்லையென்றால் கையால் தட்டும் மரப்பெட்டியான கஜோன், அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரானிக் டிரம்ஸ்.

கல்லூரி மாணவர்: அண்ணா, அறிமுக விழாவுக்கு நல்ல பாட்டு லிஸ்ட் ஒன்று கொடுங்களேன்.

பொருள் என்ன, வருகிறவர்கள் யார், எதுவும் சொல்லாமல் லிஸ்ட் கேட்டால் எப்படித் தம்பி?

விளம்பரப் பிரிவில் இருப்பவர்: எங்கள் சந்தாக் கணக்கில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. இடைவேளையில் அதை ஓட்டலாம்தானே? பேண்ட், பிரபலமான மெட்டு ஒன்றில் எங்கள் பொருளின் பெயரைப் போட்டுப் பாடப்போகிறது. விழாவை இணையத்தில் நேரலையாகவும் விடுகிறோம்.

ஒரே மூச்சில் மூன்று வம்புகள். பாட்டுச் சேவையின் தனிநபர் சந்தா நீங்கள் கேட்பதற்கு மட்டும். பொது நிகழ்ச்சிக்குச் செல்லாது. மற்றவர் பாட்டை மேடையில் வாசிப்பதற்குப் பொது நிகழ்த்து உரிமம் வேண்டும். பெரும்பாலும் பதிப்புரிமைச் சங்கங்கள் வழியாக அது கிடைக்கும். அரங்கத்தார் ஏற்கெனவே வாங்கியிருக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

வரிகளை மாற்றுவது வேறு கதை. நிகழ்த்து உரிமம் அதற்குப் போதாது, உரிமையாளரின் நேரடி அனுமதி வேண்டும். பொருளை விற்பதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் இன்னும் கறாராக இருப்பார்கள். நேரலைக்கும், அப்புறம் வெட்டி ஒட்டிப் போடும் வீடியோவுக்கும் உரிமை தனி. அரங்குக்குள் எல்லாம் முறையாக நடந்தும், நேரலை பாதியில் ஒலியில்லாமல் ஊமையானதைப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை: இரண்டு நிமிடச் சொந்த மெட்டு ஒன்றைப் போடச் சொல்லி, உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விழாவிலும் வீடியோவிலும் அதையே ஓட்டலாம். உங்கள் ஊர்ச் சட்டத்துக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள், நான் மிக்ஸர்காரன்.

இன்னொருவர்: 200 பேர் வருகிறார்கள். எத்தனை பேர் கொண்ட பேண்ட்?

மேலே முதல் பதில். ரன் ஷீட்.

புதுத் தொழில் முனைவர்: திரை விலகி எங்கள் பொருள் தெரியும் நொடியில் என்ன வாசிக்கச் சொல்லலாம்?

எதுவும் வேண்டாம். அதற்கு முன்னால் இரண்டு விநாடி முழு மௌனம். பொருள் கண்ணில் பட்டு, கூட்டம் மூச்சு விட்ட பிறகு பேண்ட் ஒன்றாக இறங்கட்டும். தொடர்ந்து சத்தம் கேட்ட காதுக்குக் கூடுதல் சத்தம் பெரிதாகத் தெரியாது. மௌனத்துக்குப் பின் வரும் சின்ன ஒலிகூடப் பெரிதாகக் கேட்கும்.

டிரம்ஸ் வாசிக்கும் நண்பர்: சார், இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மௌனம் வந்தால் ஏதோ கோளாறு என்று கூட்டம் நினைக்கும். நான் வாசித்த ஒரு விழாவில் இதையே செய்தார்கள். திரை சிக்கிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு விநாடி ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, அப்புறம் ஒருவர் சிரித்தார், அரங்கமே சிரித்தது. டிரம் ரோல் இருந்திருந்தால் மானம் போயிருக்காது.

சிக்கியது திரை, மௌனம் அல்ல! ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மௌனத்துக்கு ஒரு காவல்காரர் வேண்டும். திரையைப் பார்த்தபடி ஒருவர் பேண்டுக்குக் கை காட்ட வேண்டும். மூன்று விநாடியில் திரை அசையவில்லை என்றால் பேண்ட் மௌனத்துக்கு முன் வாசித்த நான்கு தாளச் சுற்றுக்கே திரும்பட்டும். இதை ரிகர்சலில் பழகியிருக்க வேண்டும்.

கீபோர்டு வாசிப்பவர்: இரண்டு பேருக்கும் நடுவில் நான் வருகிறேன். தாழ்ந்த சுருதி ஒன்றை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தால்? மௌனம் மாதிரியும் இருக்கும், கோளாறு மாதிரியும் தெரியாது.

பயந்தவர்களின் வழி. நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

டிரம்ஸ் நண்பர்: பார்த்தீர்களா! ஆக, முழு மௌனத்தை நீங்களே நம்பவில்லை.

நம்புகிறேன். பேசப்போகிறவரை நம்பாத அன்றைக்குத்தான் சுருதி பிடிக்கச் சொல்வேன். ‘இதோ...’ என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் பேசும் தலைவர்கள் உண்டு. டிரம் ரோலுக்கு அங்கே என்ன கதி? கை வலிக்கும்வரை உருட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

வீடியோ வெட்டுபவர்: என் ஓட்டு மௌனத்துக்கு. கேமராவுக்குச் சுத்தமான இரண்டு விநாடி கிடைத்தால் எந்த இசையையும் அங்கே ஒட்டலாம்.

டிரம்ஸ் நண்பர்: சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். இப்போது பாதி விழாக்களில் திரையே கிடையாது, பெரிய எல்ஈடி சுவரில் முப்பது விநாடி வீடியோ. முன்கூட்டியே வெட்டியது. அதில் மௌனம், கைகாட்டல் எல்லாம் எங்கே?

அது நல்ல அடி. வீடியோ என்றால் கிளிக் டிராக்தான், அதாவது தாளம் தவறாமல் இருக்க வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும் ‘டிக், டிக்’ ஒலி. காதுக்குள் செருகும் இன்-இயரில் கிளிக் கேட்டு நீங்கள் வாசிப்பீர்கள், மற்றவர்கள் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். வீடியோவும் கிளிக்கும் ஒரே இயந்திரத்திலிருந்து ஓட வேண்டும். இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு பேர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லித் தட்டுவது ஆகாது. மௌனம் வேண்டுமென்றால் அதை வீடியோவிலேயே வெட்டி வைக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்ஈடி சுவருக்குப் படம் போய்ச் சேரச் சில ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) தாமதமாகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. மூன்று ஃபிரேம் பிந்தினால் 120. அப்போது உங்கள் அடி படத்தை முந்திக்கொண்டது போல் முதல் வரிசைக்குத் தோன்றும். ஒலியோ காற்றில் விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதே அடி 100 மில்லி விநாடி கழித்துத்தான் கேட்கும், ஆகவே அவருக்குப் படமும் அடியும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். மிக்ஸர் பக்கம் நின்று ‘சரியாக இருக்கிறதே’ என்று சொல்பவரை நம்பாமல் முதல் வரிசை, நடு, கடைசி என்று மூன்று இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

டிரம்ஸ் நண்பர்: இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரோல் விஷயத்தில் நான் மாறவில்லை.

மாற வேண்டாம். வேறு கேள்விக்குப் போகலாமா? காத்திருக்கிறார்கள்.

ஒருவர்: ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைகிறது.

பெரும்பாலும் எர்த் சிக்கல். ஒலிக் கருவிகளுக்கும் விளக்குகளுக்கும் மின் இணைப்பைப் பிரியுங்கள், கீபோர்டை டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியாக விடுங்கள். எர்த் பின்னை மட்டும் பிடுங்கிப் போடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. மீதியை நேரில் எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவன மேலாளர்: பட்ஜெட் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற நட்சத்திரத்தையே கூப்பிடலாமா?

கூப்பிடலாம். மறுநாள் மக்கள் எதைப் பேச வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2014 செப்டம்பரில் ஆப்பிள் தன் புதுத் தொலைபேசிகளை அறிமுகப்படுத்திய மேடையில் யூ2 என்ற அயர்லாந்து ராக் குழு வாசித்தது. கூடவே அவர்களின் புது ஆல்பத்தைச் ஆப்பிளின் இசைக் கடையான ஐடியூன்ஸின் சுமார் 50 கோடி பயனர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ‘நான் கேட்காத பாட்டு என் தொலைபேசியில் ஏன்?’ என்று பலர் கொதித்தார்கள். அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் ஒரு வழி செய்து தர வேண்டியிருந்தது. 2007 ஜனவரியில் முதல் ஐஃபோனை அறிமுகப்படுத்தியபோதும் கடைசியில் இசை உண்டு, அமெரிக்கப் பாடகரும் கிதார் கலைஞருமான ஜான் மேயர் வாசித்தார். பேச்செல்லாம் முடிந்த பிறகு. இன்று எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்? நினைவில் நின்றது பொருள்தான். நட்சத்திரத்தைக் கூப்பிட்டால் கடைசியில் வையுங்கள்.

இன்னொருவர்: 80 பேர் வருகிறார்கள். எத்தனை பேர் கொண்ட...

ரன் ஷீட்!

பாடகி ஒருவர்: வயர்லெஸ் மைக் விழா நேரத்தில் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. சவுண்ட் செக்கில் நன்றாக இருக்கிறது.

உங்கள் மைக் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வகையாக இருக்கும். வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் ஓடுகின்றன. காலி அரங்கில் தொல்லை இல்லை, நூறு தொலைபேசிகள் உள்ளே வந்ததும் நெரிசல். நகராமல் பாடுவதாக இருந்தால் வயர் மைக் எடுங்கள், கேவலமில்லை. நடந்தே தீருவேன் என்றால் வேறு அலைவரிசை வகை வேண்டும்; பேச்சாளர் மைக், இன்-இயர் எல்லாவற்றின் அலைவரிசையையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டும்.

முதன்முறை விழாப் பொறுப்பு ஏற்றிருப்பவர்: சார், சொன்னபடி ரன் ஷீட் எழுதிவிட்டேன். 5.30 கதவு திறப்பு, வரவேற்பில் கிதாரும் கீபோர்டும். 5.30 முதல் 6 வரை பேண்டின் சவுண்ட் செக். 6.15 தலைவர் பேச்சு. 6.40 திரை, மௌனம் இரண்டு விநாடி. 6.45 முதல் 7.15 வரை மேசைகளில் செயல்விளக்கம், மெல்லிய இசை. 7.20 முழு பேண்ட். சரியா?

இன்று வந்ததிலேயே இதுதான் உருப்படி. ஆனால் விருந்தினர் உள்ளே வரும்போது டிரம்ஸ்காரர் ‘டும், டும்’ என்று தட்டிக்கொண்டிருப்பார், பார்த்தீர்களா? சவுண்ட் செக்கை நாலரைக்குள் முடியுங்கள். தலைவரையும் அதற்கு முன் ஐந்து நிமிடம் மேடையில் ஏற்றி, அவர் மைக்கில் பேசச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்பார், விடாதீர்கள்.