சார்லஸ் ரென்னி மெக்கிண்டாஷ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: சார், மெக்கிண்டாஷ் என்றாலே உயரமான நாற்காலியைத்தான் காட்டுகிறார்கள். அவர் கட்டடக் கலைஞர்தானே?

ப: கட்டடக் கலைஞர்தான், 1868இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த நாற்காலி, ஆர்கைல் தெருவில் மிஸ் கிரான்ஸ்டன் நடத்திய தேநீர் விடுதியின் சாப்பாட்டு அறைக்காகச் செய்தது. தலைக்கு மேலே முட்டை வடிவப் பலகை, அதில் பறக்கும் பறவை மாதிரி ஒரு வெட்டு. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், அந்த உயர்ந்த முதுகுகளே தடுப்பாகிவிடும். கூட்டத்துக்கு நடுவில் அவர்களுக்கென்று ஒரு தனி அறை. மியூசியத்தில் ஒற்றை நாற்காலியாகப் பார்த்தால் இது பிடிபடாது.

கே: அவர் கட்டிய ஹில் ஹவுஸ் வீட்டைக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்களாமே, ஏன்?

ப: மழைதான் காரணம். ஹெலன்ஸ்பரோவில் பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காக 1902-04இல் கட்டிய வீடு அது. உள்ளறைகளின் வரைபடத்துக்குச் சம்மதம் வாங்கிய பிறகுதான் வெளித்தோற்றத்தையே வரைந்து காட்டினார். வரவேற்பறையில் கோடைக்கு ஜன்னலோரம், குளிர்காலத்துக்குக் கணப்போரம் என்று இரண்டு இருப்பிடங்கள். எனக்கு அவருடைய வேலைகளிலேயே மிகப் பிடித்த அறை. ஆனால் வெளிச்சுவருக்குப் போர்ட்லேண்ட் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்பாக இருந்தால் ஈரம் வெளியேறியிருக்கும்; இது விரிசல் விட்டு, உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டது. 2019இல் மேலே கூரையும் சுற்றிலும் எஃகு வளைய வலையும் போட்டு, சுவரை உலர விட்டார்கள்.

கே: மனைவி மார்கரெட்டின் பங்கு எவ்வளவு?

ப: நிறைய. மார்கரெட் மெக்டொனால்டு தேர்ந்த ஓவியர், 1900இல் கல்யாணம். மெக்கிண்டாஷ் வடிவமைத்த வில்லோ தேநீர் விடுதியின் சொகுசு அறைக்கு மார்கரெட் செய்த சுண்ணச் சாந்துப் பலகையில் கயிறு கோடாகிறது, கண்ணாடி மணிகள் நிறமாகின்றன. ‘என் கட்டட வேலையில் பாதி, ஏன் முக்கால் பங்கே நீதான்’ என்று மெக்கிண்டாஷே அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்றும் பல இடங்களில் மார்கரெட்டின் பெயரை விட்டுவிடுவது அநியாயம்.

கே: அவர் வடிவமைத்த கிளாஸ்கோ கலைப் பள்ளி எரிந்தது?

ப: இரண்டு முறை. 2014இல் நூலகம் போனது. சீரமைத்துக்கொண்டிருக்கும்போதே 2018இல் கட்டடம் முழுக்க எரிந்தது.

கே: கடைசிக் காலத்தில் கட்டடமே கட்டவில்லையா?

ப: 1923 முதல் சில வருடங்கள் தெற்கு பிரான்சில், போர்வாந்தர் துறைமுகத்தில் நீர்வண்ணம் தீட்டினார். பாறைகளையும் கோட்டைச் சுவர்களையும் வரைந்த விதத்தில் கட்டடக்காரர் கை தெரியும். 1928இல் லண்டனில் இறந்தார்.

கே: கிளாஸ்கோவில் எனக்கு ஒரே நாள்தான். எங்கே போகட்டும்?

ப: காலையில் பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் கலைக்கூடம், மெக்கிண்டாஷ் தம்பதி வாழ்ந்த வீட்டின் அறைகளை அங்கே மறுபடி அமைத்திருக்கிறார்கள். அப்புறம் சாக்கிஹால் தெருவில் வில்லோவில் டீ.