பெரியவர்களுக்கான புதிய ஃபேண்டஸி நாவல்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

பள்ளி நாட்களில் மந்திரக் கதைகளாகப் படித்துத் தள்ளினேன், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன், அண்மையில் வந்தவற்றில் பெரியவர்கள் படிக்கிற மாதிரி ஃபேண்டஸி நாவல் சொல்லுங்கள், பத்துப் பாகத் தொடர் மட்டும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. கடைசி நிபந்தனைக்காகவே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 'பெரியவர்களுக்கான' என்றதும் பலர் ரத்தத்தையும் படுக்கையறைக் காட்சிகளையும் நினைத்துக்கொள்கிறார்கள். அவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் பார்ப்பது வேறு. சிறுவர் கதை, வரம் கிடைப்பதோடு முடிந்துவிடும். வரம் வாங்கியவர் மறுநாள் காலையில் எழுந்து எப்படி வேலைக்குப் போகிறார், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார், அந்த வரத்தால் நசுங்கியவர்கள் யார் என்று தொடர்ந்து கேட்கிற கதைதான் எனக்குப் பெரியவர்கள் கதை. கீழே சொல்லும் புத்தகங்களை அந்தக் கண்ணோடுதான் தேர்ந்தெடுத்தேன். எல்லாமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: சுசானா கிளார்க் எழுதிய 'பிரனேசி'. 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் பெற்றது. ஒரே புத்தகம், அளவிலும் சிறியது. முடிவே இல்லாத ஒரு மாளிகை. கூடம் கூடமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே வாழும் ஒருவன் தன் நாட்குறிப்பில் எழுதுவதுதான் நாவல். உயிரோடு இருப்பது அவனும் இன்னொருவரும் மட்டும். இவன் கணக்குப்படி மீதிப் பதின்மூன்று பேர் எலும்புக்கூடுகள். அவர்களுக்கு இவன் உணவும் நீரும் அல்லி மலரும் கொண்டுபோய் வைக்கிறான்.

அதில் ஒரு இடம் சொல்கிறேன், கதை கெடாது. ஒரு அல்பட்ரோஸ் ஜோடி அந்தக் கூடத்துக்கு வந்து கூடு கட்ட முயல்கிறது. காய்ந்த கடற்பாசிதான் இவனுக்கு விறகு. குளிர்காலத்துக்காகச் சேர்த்து வைத்ததில் ஒரு பங்கை எடுத்துப் பறவைகளுக்குக் கொடுத்துவிடுகிறான். அதனால் சில நாட்கள் தான் குளிரில் கிடக்க வேண்டும் என்பதும் தெரியும். உலகத்துக்குப் புதிதாக ஒரு அல்பட்ரோஸ் வருவதற்கு முன்னால் அது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்கிறான். அந்த ஆண்டுக்கே அந்தப் பறவையை வைத்துத்தான் பெயர் சூட்டுகிறான். அவன் யார், அங்கே எப்படி வந்தான் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போது, இந்த நல்ல மனதை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள் என்ற கோபம் நமக்கு வரும், அவனுக்கு வருவதற்கு முன்பே. பின்னட்டைச் சுருக்கத்தைக்கூடப் படிக்காமல் நேராகத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது, துப்பறியும் கதை பிடிக்குமென்றால், ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டெட் கப்' (2024). அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் கொடுக்கப்படும் ஹ்யூகோ விருதை, சிறந்த நாவல் பிரிவில், 2025இல் இதற்குத்தான் கொடுத்தார்கள். ஒரு மாளிகையில் ராணுவப் பொறியாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவர் உடம்புக்குள்ளிருந்து மரம் பீறிட்டு வளர்ந்திருக்கிறது. இதை விசாரிக்க வரும் ஆனா டோலாப்ரா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டே திரிபவர், பார்வை வழியாக வந்து குவியும் தகவல் தாங்காது என்பதால். அவருடைய உதவியாளன் டின், பார்த்ததை எதையும் மறக்காதபடி உடல் மாற்றப்பட்டவன். சின்னச் சின்னக் குப்பிகளில் வாசனைகளை வைத்திருப்பான். இன்ன இடத்தில் இந்த வாசனையை முகர்ந்தேன், ஆகவே மறுபடி முகர்ந்தால் அந்த இடம் முழுதாகக் கண்முன் வரும் என்பது அவன் முறை. அப்படிப்பட்டவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வேலை போய்விடுமோ என்று அதை மறைத்து வைத்திருக்கிறான். எனக்கு இந்த நாவல் பிடித்துப்போனது அந்த ஒரு விஷயத்தால்தான். மழைக்காலந்தோறும் கடலிலிருந்து ராட்சத உயிரினங்கள் கரையேறும், பெருஞ்சுவர்கள்தான் பேரரசைக் காக்கின்றன என்று பின்னணி பிரம்மாண்டமானது. ஆனால் அந்தச் சுவரை நிற்க வைப்பது வீரர் வாளைவிடப் பொறியாளர்களும் கணக்கர்களும் செய்யும் அன்றாட வேலை என்பதில் ஆசிரியருக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. வழக்கு இந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும். பிடித்தால் இரண்டாவது, 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்' (2025), இருக்கிறது.

இப்போது இந்தப் பதிலில் நான் மிகவும் மதிக்கிற நாவலுக்கு வருகிறேன். இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. 2023இல் வெளிவந்து, ஹ்யூகோ போலவே இவ்வகை எழுத்துக்கான நெபுலா விருது பெற்றது. பிறந்த குழந்தையின் நிழலைத் தாய் ஒரு பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுப்பதில் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை, ஃபெட்டர், ஒரே நோக்கத்துக்காக வளர்க்கப்படுகிறான்: தன் தந்தையைக் கொல்ல. தந்தை, ஊர் உலகம் கும்பிடும் மகான். குடும்பத்தை விட்டுப் புறப்பட்டு ஞானியானவரின் கதையை நாம் அறிவோம். விடப்பட்ட மனைவியும் மகனும் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இந்த நாவல் கேட்கிறது.

ஃபெட்டர் வளர்ந்ததும் அந்தக் கொலைத் திட்டத்தையே உதறிவிட்டு ஒரு பெருநகரத்துக்குப் போய்விடுகிறான். அங்கே அவனைப் போலவே ஏதோ ஒரு தீர்க்கதரிசனத்துக்காக வளர்க்கப்பட்டு, கடைசியில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இருக்கிறது. இது போதும், இப்படியே நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நாமும் நினைக்கும்போது அந்த நகரத்தின் இன்னொரு முகம் தெரிகிறது: இனப் பிரிவுப் பட்டியல்கள், கொள்ளைநோய்க் கெடுபிடி, திடீர் திடீரென்று வெடிக்கும் வன்முறை, முகாம்கள். ஆசிரியர் எந்த நாட்டையும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை. தமிழில் படித்து வளர்ந்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலம் கொஞ்சம் கடினம், கதை ஓட்டம் நேர்கோட்டில் போகாது, கடைசிப் பகுதியில் கதை சொல்கிற குரலே மாறும். ஆகவே இதை முதலில் எடுக்காதீர்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

கனமான புத்தகங்களுக்கு நடுவே மூச்சு விட ஒன்று வேண்டுமென்றால் டி. கிங்ஃபிஷரின் 'நெட்டில் அண்ட் போன்' (2022, அடுத்த ஆண்டு ஹ்யூகோ). அக்காவைக் கட்டிக்கொண்டு கொடுமைப்படுத்தும் இளவரசனைத் தீர்த்துக்கட்டப் புறப்படும் முப்பது வயதுப் பெண். துணைக்கு எலும்புகளைக் கம்பியால் கோத்து அவளே உயிர்கொடுத்த ஒரு நாய், பேய் பிடித்த கோழி வளர்க்கும் ஒரு பாட்டி. இந்தப் பட்டியலில் மொழி மிக எளிது இதில்தான். ஆனால் குடும்ப வன்முறை பற்றியது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடல் பயணம் பிடிக்குமா? ஷானன் சக்ரவர்த்தியின் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி' (2023). பன்னிரண்டாம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல். கொள்ளைத் தொழிலை விட்டு மகளோடு ஒதுங்கி வாழும் கப்பல் தலைவி, முழங்கால் வலியோடு மறுபடி கடலுக்குப் போகிறாள். தொடரின் முதல் பாகம் என்றாலும் தனியாகவே நிறைவாக இருக்கும்.

ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' (2022) எல்லாருமே சொல்வார்கள். மொழிபெயர்ப்பிலிருந்து பிறக்கும் மந்திரத்தால் பிரிட்டிஷ் பேரரசு ஓடுகிறது என்ற கற்பனை அபாரம்தான். சொல்ல வந்ததை ஒருமுறை சொல்லி நம்மிடம் விட்டிருக்கலாம் என்று பல இடங்களில் தோன்றியது. வரலாறு பிடிக்குமென்றால் எடுங்கள். காதல்தான் முதன்மையாக வேண்டும் என்றால் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) பக்கம் போகலாம். டிராகன் சவாரி, காதல், வயது வந்தவர்களுக்கான காட்சிகள் எல்லாம் உண்டு. வேகமாக ஓடும். நான் மேலே சொன்ன மறுநாள் காலைக் கேள்வி அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒருவேளை உங்களுக்குத் தொடர் ஆசை வந்துவிட்டால், முடிந்துபோன தொடராகப் பார்த்து எடுங்கள். தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' 2021இல் தொடங்கி, மூன்றாவது பாகம் 2024இல் வந்து முழுதாக நிறைவடைந்துவிட்டது. இந்தியப் புராண வாசனை உள்ள உலகம், அரசியல் நிறைய, மையத்தில் இரண்டு பெண்களின் காதல்.

அப்புறம், படிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. இந்த நாவல்களில் முதல் அத்தியாயங்களில் புரியாத பெயர்களாக வந்து விழும். பின்னால் அகராதி இருந்தாலும் அதைப் புரட்டிப் புரட்டிப் படிக்க வேண்டாம். முக்கியமானது எதுவோ அது திரும்ப வரும், வரும்போது தானாகப் புரியும். ஐம்பது பக்கம் வரை பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லையென்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். 'பிரனேசி' முடித்ததும் எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து எதை எடுக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.