அடினோமயோசிஸ்: வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு, மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

எனக்கு 41 வயது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பல்க்கி யூட்டரஸ், அடினோமயோசிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத பெயர். இது அபூர்வமான நோயா?
– வாசகி, கரூர்

அபூர்வம் அல்ல, பெயர்தான் புதிது. ‘பல்க்கி யூட்டரஸ்’ என்றால் பருத்த கர்ப்பப்பை. மாதந்தோறும் வளர்ந்து மாதவிடாயில் உதிரும் கர்ப்பப்பை உட்சவ்வின் திசு, அதன் தசைச்சுவருக்குள்ளும் காணப்படுவதே அடினோமயோசிஸ். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. அறுவை சிகிச்சையில் அகற்றிய கர்ப்பப்பைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் 5 சதவீதம் முதல் 70 சதவீதம் வரை கூறியுள்ளனர். எத்தனை துண்டுகள் எடுத்துப் பார்த்தார்கள், எவ்வளவு ஆழத்தில் இருந்தால் நோய் என்று எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை இப்படி மாறுகிறது. தொல்லை முற்றி அறுவை சிகிச்சை வரை வந்தவர்களை வைத்து எல்லாப் பெண்களையும் கணக்கிடுவதும் சரியாகாது. லண்டனில் மகளிர் நோய்ப் பிரிவுக்கு வந்த 985 பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 21 சதவீதத்தினருக்கு இது இருந்தது. ஐவரில் ஒருவர் என்ற இந்தக் கணக்கையே நான் நம்பகமாகக் கருதுகிறேன். ஆயினும் அதுவும் ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவரைத் தேடி வந்தவர்களின் கணக்குதான்.

வயது 46. எட்டு, ஒன்பது நாள் உதிரம் போகிறது. கட்டி கட்டியாக விழுகிறது. ‘நிற்கப் போகிற வயதில் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

அப்படிச் சொல்லியே நாளைக் கடத்திவிட்டு, மாடிப்படி ஏற முடியாத அளவு ரத்தசோகையோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவதும், பத்து ரூபாய் நாணயத்தளவு கட்டிகள் விழுவதும் எந்த வயதிலும் இயல்பல்ல. அதிக உதிரப்போக்கும், ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் மாதவிடாய் வலியும் இந்நோயின் முதன்மையான அறிகுறிகள். அடிவயிற்றில் பாரம், உடலுறவின்போது வலி ஆகியவையும் சேரலாம். மூன்றில் ஒருவருக்கோ எந்தத் தொல்லையும் இராது. கையால் பரிசோதிக்கையில், இதே தொல்லைகளைத் தரக்கூடிய நார்க்கட்டி (ஃபைப்ராய்டு) பெரும்பாலும் கெட்டியாகவும் மேடுபள்ளமாகவும் தட்டுப்படும். அடினோமயோசிஸில் கர்ப்பப்பை முழுவதும் ஒரே சீராகப் பருத்து உருண்டையாகவும் மெத்தென்றும் இருக்கும், மாதவிடாயை ஒட்டித் தொட்டாலே வலிக்கும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. உங்களுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனையோடு, வயது 45-ஐக் கடந்துவிட்டதால் உட்சவ்வில் சிறிது எடுத்துப் பயாப்ஸி செய்வதும் அவசியம்.

இது புற்றுநோயாக மாறுமா?
– வாசகி, வேலூர்

இது புற்றுநோய் அல்ல. மாறுவது மிக மிக அரிது.

என் மகளுக்கு 24 வயது, மணமாகவில்லை. மாதவிடாய் வலியில் சுருண்டு படுத்துவிடுகிறாள். வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.
– ஒரு தாய், நாகர்கோவில்

கர்ப்பப்பையை எடுத்த பிறகே இதைக் கண்டறிய முடிந்த காலத்தில், நாற்பதைத் தாண்டிய, பிள்ளை பெற்ற பெண்களின் நோய் என்றே எண்ணியிருந்தோம். இப்போது இளம்பெண்களிடமும் காண்கிறோம். வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேனில் தொடக்கநிலை தப்பிவிடக்கூடும். மணமாகாத பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் பெரும்பாலும் செய்வதில்லை. ஆகவே, மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளுக்கும் வலி அடங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் (உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– வாசகி, சிவகாசி

உண்டு. காப்பர்-டி போலவே உள்ளே பொருத்தப்படும், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் சுரக்கும் சாதனம் ஐந்து ஆண்டுகள் வரை உதிரப்போக்கையும் வலியையும் கட்டுப்படுத்தும். சாதாரணக் காப்பர்-டியோ இரண்டையும் கூட்டிவிடலாம், அதனால் பெயரைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றபின் அறிகுறிகள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், அதுவரை சமாளிப்பதே பலருக்குப் போதுமானது. எதற்கும் கட்டுப்படாத நிலையில் கர்ப்பப்பையை எடுப்பது தவறல்ல, அதுவே முழுமையான தீர்வு. ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஆரோக்கியமாக உள்ள சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்று கேட்டு, அந்தப் பதிலைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.