நீர்க்காகத்தின் வயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். ரெஜிபோமில், அதுதான் பெட்டிகளுக்குள் பொருள் உடையாமல் வைக்கிற அந்த வெள்ளை நுரைப் பலகையில், தேர் செய்தது பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வாசிகசாலையில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு ஒரு விமானம் செய்கிறேன். எந்த நாட்டிலும் இல்லாத, நானே நினைத்துக்கொண்ட விமானம். பெயர் நீர்க்காகம். வெள்ளம் வந்தால் வன்னிக் குளங்களில் இறங்கி ஆட்களை ஏற்றும். மற்ற நாட்களில் நோயாளர்களைக் கொண்டுபோகும். 1:72 அளவு. சிறகு நுனியிலிருந்து நுனிவரை சரியாக ஒரு அடிமட்ட நீளம்.

இன்னும் 12 நாள்தான். உடலை ரெஜிபோமில் செதுக்கிவிட்டேன். அடிப்பக்கத்தில் படகுக்குப்போல வரும் அந்தப் ‘படி’ மூன்றுமுறை உடைந்துவிட்டது. மட்டையில் செய்த சிறகுகளில் இடதுபக்கம் தொங்குகிறது. சக்கரம், உள்ளே இருக்கைகள், தகட்டுக் கோடுகள், புறொப்பெல்லர் ஒன்றும் தொடங்கவில்லை. ஸ்பிரே பெயின்ற் மட்டும் வாங்கிவிட்டேன். எதை விடலாம், எதை விடக்கூடாது?

இன்னொன்று. அம்மம்மா ஒவ்வொரு நாளும் “உதை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறாய், ஒரு துணியைப் போட்டு மூடு” என்கிறா. அவவுக்கு என்ன சொல்ல?

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

முதல் வேலையாக அந்த ஸ்பிரே ரின்னைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வையுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

ரெஜிபோமும் ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பானும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதை, மருமகனின் பாடசாலைக் கண்காட்சிக்கு முதல்நாள் இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தவன் நான். மூக்கில் ஒருமுறை அடித்தேன். மூக்கு பாகுபோல உள்ளே போனது. பதறி சுப்பர் குளூவால் அடைக்கப் பார்த்தேன். அதுவும் தின்றது. விடியும்போது மேசையில் இருந்தது வௌவால் கடித்த கொய்யாப்பழம். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. கராச்சில் வாகனத்துக்குப் பூசுகிற புட்டியும் இதே வேலையைச் செய்யும், எனவே அதையும் ரெஜிபோமுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம்.

பட்டம் ஒட்டுகிற ரிசுப்பேப்பரைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, உடல் முழுக்க இரண்டு படை ஒட்டுங்கள். அது தோல். தோல் காய்ந்தபிறகு சுவருக்குப் பூசுகிற எமல்சனைத் தூரிகையால் பூசலாம். தண்ணீரில் கரைகிற பெயின்ற் ரெஜிபோமை ஒன்றும் செய்யாது. மாரி ஈரத்தில் ஒரு படை காய ஒரு நாள் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 12 நாளில் இரண்டு இப்போதே போய்விட்டது. கடைசி இரண்டு நாளையும் கழித்துவிடுங்கள், அவை உடைந்ததை ஒட்டுவதற்கு. உங்களிடம் உண்மையில் இருப்பது எட்டு நாள்.

எட்டு நாளில் நீங்கள் எழுதிய பட்டியல் முடியாது. முடிக்கவும் தேவையில்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1:72 என்றால் மாதிரியில் ஒரு அங்குலம் உண்மையில் ஆறடி. உங்கள் அடிமட்டம் 12 அங்குலம், ஆகவே நீர்க்காகத்தின் சிறகு 72 அடி. இது எல்லோரும் போடுகிற கணக்கு. போடாத கணக்கு ஒன்று இருக்கிறது: பார்க்கிறவர் நிற்கும் தூரத்தையும் 72ஆல் பெருக்க வேண்டும். கண்காட்சியில் மேசைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டுவார்கள். ஆள் மூன்றடி தள்ளி நிற்பார். அப்படியென்றால் அவர் குளக்கட்டில் நின்றுகொண்டு, 216 அடிக்கு அப்பால் தண்ணீரில் நிற்கும் விமானத்தைப் பார்க்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து ஆணிகள் தெரியுமா? இருக்கை தெரியுமா? ஜன்னல் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஜன்னல்களைக் கருஞ்சாம்பலில் பூசி விடுங்கள், இருக்கைகள் முடிந்தன. தகட்டுக் கோடுகளும் அப்படியே. நிசமான விமானத்தில் இரண்டு தகடுகளுக்கிடையே 5 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால்கூட உங்கள் அளவில் அது 0.07 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. கீறி வெட்டினால் வாய்க்கால் போலத்தான் வரும். கூரான பென்சிலால் நாலைந்து கோடு, அதையும் விரலால் கொஞ்சம் அழித்துவிடுங்கள்.

1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. எல்லாம் இதே 1:72 அளவு, மரத்தில், முழுக்கக் கறுப்பு. ஜன்னலும் இல்லை, கோடும் இல்லை. தூரத்தில் வருவது யாருடைய விமானம் என்று படையினருக்குப் பழக்குவதற்காக. நிழலுருவம் சரியாக இருந்தால் போதும், கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு அந்த மாதிரிகள் தேவைப்படவில்லை. போர் நாட்களில் ஐந்து வயதுப் பிள்ளையே சத்தத்தை வைத்து, குண்டு போடுகிற ‘கிபிர்’ என்றும் வேவு பார்க்கிற ‘வண்டு’ என்றும் சொல்லும். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. இடம்பெயர்ந்திருந்த இடத்தில் வேலிக்கு நட்ட முள்முருக்கில் காய்ந்த கொப்பொன்றை முறித்து, பிளேட்டால் செதுக்கி ஒரு விமானம் செய்தேன். வகுப்பில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சேர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வயிறெல்லாம் வடிவாச் செய்திருக்கிறாய். மேல் பக்கம் ஏன் மொட்டையா இருக்கு? ஓட்டுறவன் எங்கையடா இருக்கிறது?” என்று கேட்டார்.

“அது கீழ நிண்டு பார்த்தாத் தெரியாது சேர்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு விமானத்துக்கு மேல்பக்கம் ஒன்று இருப்பதே அன்றுதான் உறைத்தது. பங்கர் வாசலில் இருந்து நிமிர்ந்து பார்த்தவனுக்கு வயிறு மட்டும்தானே விமானம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாதிரி செய்கிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது கண் எங்கே நிற்கிறது என்பதை. நான் பத்து வயதில் தெரியாமல் சரியாகச் செய்தேன், ஆனால் மேசையில் வைத்தேன். அதுதான் பிழை.

உங்கள் நீர்க்காகம் எங்கே நிற்கிறது? குளத்தில். பிறகு எதற்குத் தங்கச்சி அதற்குச் சக்கரம்? எதற்கு மூன்றுமுறை உடைந்த அந்தப் படி?

படி என்னத்துக்கு என்று தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். தண்ணீர் வழவழப்பான அடியை விடாமல் இழுத்துப் பிடிக்கும். படி இருந்தால் அந்த இடத்தில் நீரோட்டம் பிரிந்து, வேகம் எடுத்ததும் விமானம் விடுபட்டு எழும்பும். ஆனால் நிற்கும்போது அது தண்ணீருக்குள் இருக்கிறது. உடைந்த இடத்துக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு இழுங்கள், அதுதான் நீர்மட்டம். புதுப் பிளேட் போட்ட கத்தியால் அந்தக் கோட்டோடு வெட்டி அடிப்பகுதியை எறிந்துவிடுங்கள். மிச்சத்தைப் பலகையில் ஒட்டி, சுற்றிவரத் தண்ணீர் செய்யுங்கள். உங்கள் பட்டியலில் பாதி இந்த ஒரு வெட்டில் போய்விடும்.

தண்ணீர் என்றதும் நீலம் எடுக்க வேண்டாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது பாய்ந்த தண்ணீரின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கும். பால் குறைந்த தேத்தண்ணி. மாரித் தண்ணீர் கலங்கல் என்பது நமக்கு லாபம், அடி தெரியாது, கண்ணாடிபோல ஒன்றும் ஊற்றத் தேவையில்லை. கசக்கிய ரிசுப்பேப்பரைப் பசையில் ஒட்டி, மண்ணிறம் பூசி, அதன்மேல் பளபளக்கும் வார்னிஷ். அது மட்டும் நீர்க்காகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் அலைகரையும் ஒரு பட்டமரமும் இருந்தால் அது முத்தையன்கட்டா வவுனிக்குளமா என்று சனமே சண்டைபிடிக்கும். பிடிக்கட்டும்.

“குளத்தில பிளேனா?” என்று சிரிப்பவர்களுக்குக் கொக்கலையைக் காட்டுங்கள். இரண்டாம் உலகப்போரில் தெற்கே அந்த ஏரியில் கற்றலைனா என்ற பறக்கும் படகுகள் நின்றன. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொழும்பில் குண்டு விழுவதற்கு முதல்நாள், ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது அங்கிருந்து போன ஒரு கற்றலைனாதான். அதன் படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு களவு செய்ய வேண்டியிருக்கிறது. சிறகு உடலுக்கு மேலே ஒரு தூணில் நிற்கும். எஞ்சின்கள் சிறகோடு சேர்ந்து உயரத்தில் இருக்கும். கீழே இருந்தால் புறொப்பெல்லர் தண்ணீரை அடித்தே கெட்டுப்போகும். பட்டமரங்களும் தாமரையும் நிறைந்த நம் குளங்களில் இறங்குகிற விமானத்துக்கு அந்த உயரம் இன்னும் அவசியம். இல்லாத விமானத்தை ஆட்கள் நம்புவது இப்படித்தான்: அது செய்யப்போகிற வேலை அதன் உடம்பில் தெரிய வேண்டும்.

விடக்கூடாதது சிறகு. 216 அடியிலிருந்து பார்த்தாலும் கோணல் தெரியும், மனிதக் கண் அதில் மட்டும் பொல்லாதது. மட்டை மட்டும் ஈரத்தில் தாங்காது. சயிக்கிள் கடையில் ஒரு சில்லுக் கம்பி வாங்குங்கள், 2 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவில் மெல்ல வளைத்து, இரண்டு மட்டைப் படைகளுக்கிடையே வைத்து ஒட்டுங்கள். ஒரே கம்பி இரண்டு சிறகுக்கும் போக வேண்டும், அங்கேதான் பலம். நடுப்பகுதி மேசையைத் தொட, இரண்டு நுனியும் 13 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் 5 பாகை ஏற்றம். படுக்கவைத்த தீப்பெட்டி கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். இரண்டு பக்கமும் ஒரே கொம்பனிப் பெட்டியாக இருக்கட்டும், சிரிக்க வேண்டாம், நான் அனுபவப்பட்டவன். ஒரு முழு இரவு பாரம் வைத்து விடுங்கள். வாலை அதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும், பின்னால் குனிந்து நின்று, சிறகோடு ஒப்பிட்டு.

புறொப்பெல்லருக்கு யோகட் கப். கப்பின் சுவரில் இதழ்களை நேராக வெட்டாமல் கொஞ்சம் சரித்து வெட்டினால், வளைவே இதழுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்துவிடும். எட்டரை அடி விட்டம் என்றால் 36 மில்லிமீற்றர். ஒட்டுகிற இடத்தில் துளி சுப்பர் குளூ வைத்து, மேலே ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவுங்கள், அந்தக் கணமே கல்லாகிவிடும். (ரெஜிபோமில் இல்லை!) சிறகு நுனி மிதவைகள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைக்காதீர்கள். நிற்கிற பறக்கும் படகு பெரும்பாலும் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து ஒரு மிதவையை நீரில் வைத்திருக்கும். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் சாய்வு போதும், விமானத்துக்கு உயிர் வந்துவிடும்.

நேரம் மிஞ்சினால் ஒரேயொரு ஆளைச் செய்து கதவடியில் நிறுத்துங்கள். 24 மில்லிமீற்றர் உயரம். அந்த ஆள் இல்லாவிட்டால் உங்கள் 72 அடி விமானம் வெறும் ஒரு அடிதான்.

அம்மம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். துணி போடச் சொன்னால் போடுங்கள், ஈரப் பசையில் தூசு ஒட்டாமலும் இருக்கும். பலகையில் தண்ணீர் செய்து முடித்தபிறகு, அவ இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பதிந்த முக்காலியில் வைத்துவிட்டு நீங்கள் குசினிக்குப் போய்விடுங்கள். மேலேயிருந்து பார்க்கட்டும். நீர்க்காகத்தின் வயிறு தண்ணீருக்குள் இருக்கிறது.

வால் ஒட்டுவதற்கு முன்னர் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். முன்னாலிருந்து எடுத்த வடிவான படம் வேண்டாம், பின்னாலிருந்து எடுத்தது.

அன்புடன்,
அண்ணா