38.5 டிகிரி தவறில்லை, மாட்டைத் தொட்டுப் பாருங்கள்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு பால் பண்ணைக்காரர் எழுதியிருக்கிறார்: "சித்திரையில் இரண்டு கலப்பினப் பசுக்களுக்கு லேபில் வளர்த்த ஏழாம் நாள் கரு வைத்தேன். இரண்டும் சினை நிற்கவில்லை. மனிதக் கருவுக்கு 37 டிகிரிதான், லேபில் 38.5 வைத்துக் கருவை வேகவைத்துவிட்டார்கள் என்கிறார் கரு கொண்டுவந்த ஏஜெண்ட். நிஜமா?"

இல்லை ஐயா. மனித உடம்பு 37, மாட்டு உடம்பு 38.5. மாட்டுக் கருவை மாட்டுச் சூட்டில்தான் வளர்க்கவேண்டும்.

41 டிகிரி என்றால் பயப்படலாம், அதுவும் முதல் இரண்டு நாளில். அப்போது கருவின் சொந்த மரபணு இன்னும் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. முட்டையில் தாய் வைத்த இருப்பை வைத்துத்தான் பிழைக்கிறது. இரண்டு செல் கருவைச் சில மணி நேரம் 41-ல் வைத்தாலே கணிசமானவை ஏழாம் நாளை எட்டுவதில்லை. 8, 16 செல் தாண்டினால் தாங்கும் சக்தி கூடும். பிராமன் போன்ற திமில் மாட்டுக் கரு, ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்னும் சீமை மாடு) கருவைவிட அதிகம் தாங்குவதை ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு வந்தது ஏழாம் நாள் கரு. லேபில் வெந்திருந்தால் பெரும்பாலும் அதுவரை வந்தே இருக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது: என் மாட்டின் சூடு எவ்வளவு?

கரு வாங்கப் பணம் கொடுப்பவர்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் தெர்மாமீட்டரை மட்டும் வாங்குவதில்லை. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம். மதியம் 3 மணிக்கு, வாலைத் தூக்கி, ஆசனவாயின் உள்சுவரில் படும்படி ஒரு நிமிடம் வையுங்கள். 101.5 ஃபாரன்ஹீட் (செல்சியஸில் சுமார் 38.6) என்றால் சரி. 102.5 தாண்டினால் மாடு சூட்டில் தவிக்கிறது. 103 காட்டும் மாட்டில் கரு வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். மாட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஃபேன் காற்று விடுங்கள். தண்ணீர் மட்டும் தெளித்துப் புழுக்கத்தில் விட்டால் பயனில்லை. 'சூடு தணிக்கும் டானிக்' விற்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

உறையவைக்காத கருவை வெந்நீர் பிளாஸ்க்கில் வைத்து பைக்கில் கொண்டுவந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். லேபைக் குறை சொல்லும் ஏஜெண்டிடம், அந்த பிளாஸ்க்கில் எத்தனை டிகிரி இருந்தது என்று கேளுங்கள். அளக்காமல் கொண்டுவந்தவருக்கு லேபைப் பற்றிப் பேச அருகதை இல்லை.

அப்புறம், பத்துக் கரு வைத்து நான்கு நின்றாலே நல்ல கணக்கு. இரண்டு தவறியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்து நாள் 3 மணி அளவை நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதுவரை அடுத்த கருவுக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம்.