கனடாக் கடவுச்சீட்டோடு கொழும்பில் பழைய ஹோட்டல்

கறுவாத்தோட்டத்துப் பழைய ஹோட்டலை, கனடாக் குடியுரிமை மட்டும் உள்ள நீங்கள் சொந்தப் பெயரில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏலாது. வெளிநாட்டவர் காணி வாங்குவதை மட்டுப்படுத்தும் இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் கூடியது 99 வருடக் குத்தகைதான். இரட்டைக் குடியுரிமை கிடைத்தால் இந்தத் தடை இல்லை. முதலில் அதைப் பாருங்கோ.

உள்ளூர் ஆளுக்கு 51 வீதப் பங்கு கொடுத்துக் கம்பனி பதியலாம் என்று புரோக்கர் சொல்லுவார். பதியலாம்தான். ஆனால் 20 வருடத்துக்குள் வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்தைத் தொட்டால் காணி உறுதியே செல்லாது. அதைப் புரோக்கர் சொல்லமாட்டார்.

முற்பணம் கொடுக்க முன்னம் உங்கள் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவியுங்கோ. பழைய குடும்பச் சொத்தென்றால் பிரிபடாத பங்கும் மீட்காத ஈடும் (அடமானமும்) அங்கேதான் தெரியவரும். காசை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக் காசு கொண்டுவரும் வங்கிக் கணக்கு) வழியாக அனுப்புங்கோ. இல்லாவிட்டால் பிறகு விற்ற காசை வெளியே எடுக்க வங்கி மறிக்கும். சுவரில் கைவைக்கலாமா என்பதைத் தொல்பொருள் திணைக்களத்திடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் வாங்குங்கோ.