பாதை என்றே எழுதுங்கள்

அன்புள்ள அக்கா,
உப்புவெளியில் ஆசிரியையாக இருக்கிறேன், சிறுகதைகள் எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், தன் வாழ்க்கையைச் சொல்வதாகவும் நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்கிறார். காசு தருவார். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். கூலிக்கு எழுதினால் சொந்த எழுத்து போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் இப்படி எழுதியவர். உங்களுக்கு என்ன கிடைத்தது?
- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் முதலில் எழுதிக் கொடுத்தது கிண்ணியாவில் பாதையில் வேலை செய்த, காக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெரியவரின் கதை. 2009இல் 396 மீட்டர் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் நடக்கிற வழி. நமக்கு அது சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. வெளியூர் வாசகருக்கு விளங்கட்டும் என்று முதல் அத்தியாயம் முழுக்க ‘மிதவைப் படகு’ என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “மகள், இது ஆர்ர கதை? நான் படகு ஓட்டினதே இல்லையே” என்றார். பதினெட்டுப் பக்கத்தையும் திரும்ப எழுதினேன்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் இறக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் நிறுத்தி நிறுத்திக் கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. பயந்தேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பயந்த நாளைப் பற்றிப் பேசினால் தண்ணீரின் நிறத்தைச் சொல்வார். “அண்டைக்குத் தண்ணி சாம்பல்” என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்தார் என்றால், அந்த நாளைப் பற்றி இனிப் பேச்சில்லை. என் கதைகளில் வருகிறவர்களோ அதுவரை தங்கள் மனதை விளக்கிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து எடுத்தவர் அவர். சொந்த எழுத்து போய்விடுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

பெயர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2009இல் வந்த டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் சுயசரிதையை அவரோடு சேர்ந்து எழுதிய ஜே. ஆர். மோரிங்கர், தன் பெயரை அட்டையில் போட வேண்டாம் என்று தானே சொன்னவர். காசை மட்டும் முதலிலேயே பேசி, தவணையாக வாங்குங்கள். அதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம், இது வேலை.

எனக்குக் கிடைத்ததில் பெரியது கடைசி அத்தியாயத்தில் கிடைத்தது. பாலம் வந்த பிறகு வெறுமையாகக் கிடந்த பாதையைப் பற்றி மூன்று வெவ்வேறு நாட்களில் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். அவற்றைச் சேர்த்து, ‘ஆளில்லாத பாதைதான் கூட ஆடும்’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி எந்தப் பதிவிலும் இல்லை. அவருக்கு ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டுவது வழக்கம் என்பதால் இதையும் வாசித்தேன், கொஞ்சம் பயத்தோடு. அவர் மனைவி பக்கம் திரும்பி, “இத நான் உனக்கும் சொல்லியிருக்கனே” என்றார். அந்த அம்மாவும் “ஓம்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் பெயர் போட்டு வந்த எந்தக் கதைக்கும் அப்படி ஒரு ‘ஓம்’ கிடைத்ததில்லை.

சரி, தபாலதிபரிடம் போங்கள். வீட்டு மண்டபத்தில் உட்கார வைத்து, பிறந்த வருடத்திலிருந்து தொடங்க வேண்டாம். முடிந்தால் அவர் வேலை பார்த்த கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தந்தி கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளைப் பற்றியும், சண்டைக் காலத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் தேங்கிய கடிதங்களைப் பற்றியும் கேளுங்கள். முத்திரையில் சீல் குத்துகிற சத்தத்தை அவர் எந்தச் சொல்லால் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா